போர் வேண்டாம் என்றவர்கள்

ஆவடிக்குப் போகும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு நெருடல். டாங்கி செய்கிற ஊர் அது. போர்வீரர்களை அங்கே யாரும் மறப்பதில்லை, மறக்கவும் கூடாது. ஆனால், போரே கூடாதென்று சிறைக்குப் போனவர்களை யார் நினைக்கிறார்கள்?

வினோபா பாவேயைப் பூதானத்துக்காக அறிவோம். 1932-இல் துலியா சிறையில் கைதிகளுக்குக் கீதை சொன்னவர் அவர். போர்க்களத்தில் பிறந்த அந்த நூலில் அகிம்சையையே கண்டார். காந்தியடிகள் தேர்ந்தெடுத்த முதல் தனிநபர் சத்தியாக்கிரகியாக, 1940 அக்டோபர் 17-இல் பௌனாரில் யுத்தத்தை எதிர்த்துப் பேசினார். 21-இல் கைது, மூன்று மாதச் சிறை.

டிசம்பரில் நம் ராஜாஜியும் சிறை புகுந்தார். அவரோ, தேசிய அரசு அமைந்தால் யுத்தத்தில் ஒத்துழைக்கலாம் என்றவர். நுழைந்த வாசல் ஒன்றுதான், மனச்சாட்சி வேறு. அதை மறைத்தால் இருவருக்குமே அநியாயம்.

வீரருக்கு ஒரு மலர் வைக்கிற நாளில், யுத்தத்துக்கு உதவ மறுத்தவருக்கும் ஒன்று வைக்கலாமே!