யாருமில்லாத ஊரில் இருந்தவர்கள்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னை மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி, சிறுத்தைகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மிருகக்காட்சி சாலை அப்போது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில், மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சுட வந்தவர்கள் மலபார் சிறப்புக் காவல் படையினர். அந்த விலங்குகள் யாரையும் கடித்துவிடவில்லை. ஜப்பான்காரன் போடும் குண்டில் கூண்டு உடைந்தால், ஆளில்லாத தெருக்களில் அவை இரை தேடி அலையும் என்று அரசு பயந்தது. அவ்வளவுதான் காரணம்.

65 ஆண்டு கழித்து, 2007இல் வெளிவந்த ‘ஐ ஆம் லெஜண்ட்’ என்ற ஹாலிவுட் படத்தில் இதே காட்சி வந்தது. வெறிச்சோடிப் போன நியூயார்க்கின் நட்டநடுச் சந்தியில் வில் ஸ்மித் துரத்திக்கொண்டு வரும் மானைச் சிங்கம் அடித்து வீழ்த்துகிறது. இந்தக் காட்சியை ஹாலிவுட்டுக்கு வெகு காலம் முன்பே சென்னையின் அதிகாரிகள் மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். பார்த்ததோடு நிற்காமல் துப்பாக்கியும் எடுத்தார்கள்.

அந்தப் படத்துக்கு மூலம் ரிச்சர்ட் மேத்திசன் 1954இல் எழுதிய அதே பெயருள்ள சிறு நாவல். பதின்ம வயதில் ‘டிராகுலா’ படம் பார்த்தபோது, ஒரு ரத்தக்காட்டேரிக்கே இப்படி நடுங்கினால் உலகம் முழுக்க ரத்தக்காட்டேரிகளாகிவிட்டால் என்ன ஆகும் என்று தோன்றியதாக மேத்திசன் சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் காலாட்படையில் இருந்துவிட்டுத் திரும்பிய மனிதர் அவர். நாவல் நடப்பது லாஸ் ஏஞ்சலஸின் புறநகரில். ஒரு போருக்குப் பிறகு புழுதிப் புயல்களும் கொசுக்களும் கிருமியைப் பரப்பிவிட, ஊரே ரத்தம் குடிக்கும் கூட்டமாக மாறிவிடுகிறது. ராபர்ட் நெவில் என்ற ஒருவன் மட்டும் தப்பிக்கிறான். பகலில் ஆப்பும் சுத்தியுமாக வேட்டைக்குப் போகிறான். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பி, ஜன்னலுக்குப் பலகை அடித்து, கதவில் பூண்டு மாலை தொங்கவிட்டு, விஸ்கியும் இசைத்தட்டுமாக உட்கார்ந்துவிடுகிறான். இரவானால் வாசலில் பழைய பக்கத்து வீட்டுக்காரன் பென் கார்ட்மன் வந்து நின்று, வெளியே வா என்று கூப்பிடுவான். பழகிய குரலே பயமுறுத்தும் குரலாக மாறுவதுதான் அந்த நாவலின் கெட்டிக்காரத்தனம்.

புழுதியும் கொசுவும் ஊரைப் பிடித்த கதையை, வடசென்னையில் அனல் மின் நிலையச் சாம்பலோடு வாழும் எண்ணூர்ப் பக்கத்துக்காரர் யாராவது படித்தால், இதில் கற்பனை எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடும்.

கடைசி மனிதன் கதைகளுக்கு மேத்திசனுக்கு முன்பே ஒரு பரம்பரை உண்டு. மேரி ஷெல்லி 1826இலேயே ‘தி லாஸ்ட் மேன்’ என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அதில் கொள்ளைநோயில் மனித இனம் அழிந்து ஒருவன் மிஞ்சுகிறான். 1817இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா மேற்கு நோக்கிப் பரவி ஐரோப்பாவை அச்சத்தில் வைத்திருந்த காலம் அது. மேத்திசனுக்குப் பிறகு அவர் நாவலே மூன்று முறை படமானது: 1964, 1971, 2007. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த பிணங்கள் எழுந்து வரும் படமும் இதிலிருந்து பிறந்ததுதான் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மேத்திசனின் கதையில் கவனிக்க ஒன்று இருக்கிறது. மிஞ்சுகிறவனுக்குச் சொந்த வீடு இருக்கிறது. நெவிலுக்குத் தனி வீடு, கராஜ், ஜெனரேட்டர், இறைச்சி கெடாமல் வைக்கக் குளிர்பெட்டி எல்லாம் உண்டு. அவன் தனிமை உண்மையானதுதான். மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவன் அவன். தெருவில் தற்செயலாகக் கண்ட ஒரு நாயைப் பழக்குவதற்கு நாள்கணக்கில் கெஞ்சுகிறான், அதுவும் ஒரு வாரத்தில் செத்துப்போகிறது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது யாருக்கும் தொண்டை அடைக்கும். ஆனாலும் அது பூட்டுவதற்குக் கதவு உள்ளவனின் தனிமை. நிஜத்தில் ஊர் காலியானபோது யார் மிஞ்சினார்கள் என்று பார்க்க வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

முதல் ஒத்திகை 1914இல் நடந்தது. செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில நிமிடங்களில் கப்பல் வந்த வழியே போய்விட்டது. ஆனால் அடுத்த சில நாட்களுக்கு ரயிலிலும் வண்டியிலும் ஜனங்கள் ஊரை விட்டுக் கிளம்பியபடி இருந்தார்கள்.

1942இல் நடந்தது வேறு அளவு. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. ரங்கூனிலும் மலேயாவிலும் கடை, வட்டித் தொழில், கூலி வேலை என்று இருந்த தமிழர்கள் ஏராளம் என்பதால், அந்தச் செய்திகள் சென்னைக்கு வெறும் போர்ச் செய்தியாக வரவில்லை, வீட்டுச் சாவாக வந்தன. ஏப்ரல் 5இல் கொழும்பு மீது குண்டு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அதே நாட்களில் வங்கக் கடலில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை ஜப்பானியக் கடற்படை மூழ்கடித்தது. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஆர்தர் ஹோப் ஆளுநராக இருந்த அரசாங்கம், நகரத்தில் இருந்தே ஆகவேண்டிய தேவை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அறிவித்தது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. தலைமைச் செயலகத்தின் பெரும்பகுதி உதகைக்கும் வேறு ஊர்களுக்கும் போனது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் குடும்பங்கள் சொந்த ஊரில் இருந்த பெரியப்பா, மாமா வீடுகளுக்குக் கிளம்பின. ‘எவாக்குவேஷன்’ என்ற இங்கிலீஷ் வார்த்தை பாட்டிமார் வாயிலும் புழங்கத் தொடங்கியது அப்போதுதான். அரண்டுபோய் அடிமாட்டு விலைக்கு வீட்டை விற்றவர்கள், துணிந்து வாங்கிப் போட்டுப் பின்னால் பணக்காரர் ஆனவர்கள் என்று அந்தக் காலத்துக் கதைகள் இன்னும் பல சென்னைக் குடும்பங்களில் சொல்லப்படுகின்றன.

அந்தக் கதைகள் எல்லாமே போனவர்களின் கதைகள். போவதற்கு ஒரு கிராமம், அங்கே ஒரு உறவு, டிக்கெட்டுக்குக் காசு, விடுமுறை தரும் உத்தியோகம் ஆகிய நான்கும் இருந்தவர்கள் அவர்கள்.

இருந்தே ஆகவேண்டியவர்களைப் பற்றி அரசாங்கம் தனியாக ஏற்பாடு செய்து வைத்திருந்தது. 1941இல் கொண்டுவந்த அத்தியாவசியப் பணிகள் அவசரச் சட்டம், போருக்கு வேண்டியவை என்று குறிக்கப்பட்ட வேலைகளை விட்டுவிட்டுப் போவதைக் குற்றமாக்கியது. துறைமுகம், ரயில், தண்ணீர், குப்பை அள்ளுவது இவையெல்லாம் நின்றால் நகரம் ஒரு நாள் தாங்காது. ஆக ஒரே அரசு, ஒரே ஆபத்தைக் காட்டி, ஒரு சாராரைப் போகச் சொன்னது. இன்னொரு சாராரைப் போனால் தண்டனை என்று நிறுத்தியது. மூட்டை தூக்குகிறவர்களும் ரயில்வே தொழிலாளிகளும் துப்புரவுத் தொழிலாளிகளும் நெருக்கி வாழ்ந்த ராயபுரத்திலும் அதன் வடக்கிலும் அந்த ஏப்ரல் எப்படிக் கழிந்திருக்கும் என்று யோசிக்க அதிகம் கற்பனை வேண்டியதில்லை. நகரத்தைக் காலி என்று பதிவு செய்தவர்கள் தங்கள் தெருவை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். கடலோரக் குப்பங்களில் கட்டுமரத்தை விட்டுவிட்டு எங்கே போவது?

ஜப்பான்காரன் அந்த ஏப்ரலில் வரவில்லை. 1943 அக்டோபரில், மழை வெள்ளத்தில் நகரம் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, ஓர் இரவு ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. சேதம் சொற்பம். ஓடிப்போனவர்களில் பலர் அதற்குள் திரும்பியும் வந்துவிட்டார்கள். செத்தது என்னவோ மிருகக்காட்சி சாலைச் சிங்கங்கள்தான்.

ரத்தம் குடிக்கும் உருவத்தையும் இந்த நிலம் வேறு விதமாகத்தான் நடத்தியிருக்கிறது. மொழிமாற்றப் படங்களும் காமிக்ஸும் ஐரோப்பிய வேம்பயருக்குக் காட்டேரியின் பெயரைக் கொடுத்துவிட்டன. ஆனால் வட தமிழகத்தில் காட்டேரிக்குப் பூசை உண்டு. சில குடும்பங்களில் கர்ப்பிணிப் பெண்ணுக்காகவும் பச்சைக் குழந்தைக்காகவும், இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஏரிக்கரையிலோ வயலோரத்திலோ படையல் போடுவார்கள். பசியோடு இருக்கிற ஒருத்தி என்று நினைத்துக் கோழியும் சோறும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் அவளையும் கூடக் கொண்டுபோனார்கள். கயானாவில் ‘மதராசி’ வழிபாடு என்று சொல்லப்படும் மரபில் மாரியம்மன், மதுரை வீரனோடு காட்டேரியும் இன்றுவரை இருக்கிறாள். முன்பின் தெரியாத கரும்புத் தோட்டத்தில் போய் விழுந்தவர்களுக்குப் பயமுறுத்தும் பழைய சாமி கூட ஒரு துணைதான் போலிருக்கிறது. நெவில் பூண்டு கட்டி வாசலை அடைத்தான். இங்கே எல்லையில் இலை போட்டார்கள்.

இனி, அந்த வடசென்னைக் கரையில் இருக்கும் காத்திவாக்கம். கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடையே, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் பட்டை நிலம். 1806இல் பாசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் சென்னையிலிருந்து எண்ணூருக்குத்தான் வந்தது. வெள்ளைக்காரர்கள் வாரக்கடைசியில் வந்து காற்று வாங்கப் பங்களா வைத்திருந்த இடம் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் இங்கே வந்தது. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கி 2017இல் நின்றது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் கழிமுகத்தில் இறங்கி, இறாலும் நண்டும் கிடைத்த சேற்றைச் சிமென்ட் போல் ஆக்கியது. சாம்பல் குளத்துக்கு அருகே உள்ள செப்பாக்கத்தில் வீடுகளுக்குள் சாம்பல் படிவது பல ஆண்டுப் புகார். 2011இல் காத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பேரழிவுக் கதைகளில் உலகம் ஒரே இரவில் முடிந்துவிடும். இங்கே அது ஐம்பது ஆண்டாகத் தவணை முறையில் நடக்கிறது. ஜனங்கள் நடுவில் குடியிருந்துகொண்டே இருக்கிறார்கள்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்க் கரையில் அதை அள்ளியது வாளிகள். மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் வரிசையாக நின்று கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் வந்து குப்பத்து வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டது. மறுபடியும் வாளி, மறுபடியும் படகு. இடையில் 2020இல் கொரோனா முதல் அலையின்போது ராயபுரம் மண்டலம்தான் சென்னையிலேயே தொற்று அதிகமான இடங்களில் முன்னே நின்றது. தொற்று கண்ட வீடுகளின் வாசலில் மாநகராட்சி தகரம் அடித்தது. நெவில் உள்ளே இருந்து அடித்த பலகையை இங்கே வெளியே இருந்து அடித்தார்கள். எட்டுக்குப் பத்து அறையில் ஆறு பேர் உள்ள தெருவில் தனிமைப்படுத்தல் என்பது என்ன என்று தகரம் அடித்தவர்களுக்கும் தெரிந்திருக்காது.

2023 டிசம்பர் 26. சுனாமியின் பத்தொன்பதாம் ஆண்டு நினைவு நாள். கடலில் பால் ஊற்றி அஞ்சலி செலுத்தும் நாள் கடலோரக் கிராமங்களுக்கு. அன்று நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது. விழித்துக்கொண்டவர்கள் பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்பினார்கள். மேத்திசன் நாவலில் நடு இரவில் கதவைத் தட்டினால் திறக்கக் கூடாது. பெரியகுப்பத்தில் திறந்தவர்கள் பிழைத்தார்கள். பைக்கிலும் ஆட்டோவிலும் கால்நடையாகவும், குழந்தைகளையும் வயதானவர்களையும் தூக்கிக்கொண்டு ஊர்கள் மொத்தமாகக் கிளம்பின. கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 1942இல் கிளம்பாத கரை, 81 ஆண்டு கழித்து ஓர் இரவில் காலியானது. இந்த முறை ‘இருந்தே ஆகவேண்டியவர்கள்’ என்று யாரும் நிறுத்தப்படவில்லை, போகச் சொல்லவும் யாரும் முன்கூட்டி வரவில்லை.

விடிந்ததும் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளவில்லை. தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்தார்கள். 33 கிராமத்து ஜனங்கள் சேர்ந்து, நிரந்தரமாக மூடு என்று கேட்டு நூறு நாளைத் தாண்டியும் போராட்டம் நடத்தினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆய்வு செய்த குழு, பழைய குழாயை மாற்றிக் கசிவைத் தானே கண்டறியும் புதிய குழாய் போட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2024 மே மாதம் தீர்ப்பாயம், நிபந்தனைகளை நிறைவேற்றி உரிய துறைகளின் அனுமதி பெற்றால் ஆலை இயங்கலாம் என்றது.