மக்ரிபி வணிகர்கள்

11-ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலோர நகரங்களுக்கிடையே வாணிகம் செய்த யூத வணிகர்கள். நற்பெயர் ஒரு குழுவுக்குள் நேர்மையை எப்படிக் காக்கிறது என்பதற்குப் பொருளியலில் அடிக்கடி எடுத்தாளப்படும் சான்று இவர்கள்.

எகிப்திலிருக்கும் வணிகர் ஆளி நாரையோ மிளகையோ கப்பலேற்றிவிடுவார். சிசிலியில் அதை இறக்கி, விற்று, பணம் அனுப்புவது அங்குள்ள முகவரின் பொறுப்பு. என்ன விலை கிடைத்தது, எவ்வளவு சரக்கு நனைந்து கெட்டது என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் உண்டு. ஏமாற்றுவது எளிது. ஆனால் வணிகர்கள் ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டார்கள். சந்தை விலை, கப்பல் வருகை ஆகியவற்றோடு யார் கணக்கு சுத்தம், யார் கையாடினார் என்ற செய்தியும் ஊர் ஊராகப் போனது. ஒருவரை ஏமாற்றிய முகவருக்கு மற்றவர்களும் சரக்கு தர மறுத்தார்கள். ஒருமுறை அடிக்கும் கொள்ளையைவிட, கெட்ட பெயரால் வரும் இழப்பு பெரிது.

அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதிய அக்கடிதங்கள், பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் பழந்தாள்களைப் போட்டுவைத்த கெனிசா அறையில் கிடைத்தன.

அவற்றைக் கொண்டு பொருளியலாளர் அவ்னர் கிரைஃப் 1989-இல் நற்பெயர் பற்றிய இவ்விளக்கத்தை முன்வைத்தார். பொருளியல் ஆய்வாளர்களான ஜெரமி எட்வர்ட்ஸும் ஷீலா ஓகில்வியும் 2012-இல் இதை மறுத்து, இவ்வணிகர்கள் நீதிமன்றங்களையும் நாடினர் என வாதிட்டனர்; கிரைஃப் அதே ஆண்டு பதிலளித்தார்.