மர்ஜ் தாபிக்: துப்பாக்கி இருந்திருந்தால்?

அரபு மொழியில் ‘லௌ’ என்பது சிறியதோர் இடைச்சொல். ‘அவ்வாறு இருந்திருந்தால்’ என்னும் பொருள் தருவது. நடந்து முடிந்ததை எண்ணி ‘இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே’ என்று புலம்புவது ஷைத்தானின் செயலுக்கு வாயில் திறந்துவிடும் என்னும் கருத்தமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆனால் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள், எந்த ‘லௌ’ ஆகுமானது என்பதற்கே ஒரு தனிப் பாடம் அமைத்திருக்கிறார்கள். இறுதி ஹஜ்ஜின்போது, பலிப்பிராணியைத் தம்முடன் கொண்டுவந்தது குறித்து நபிகளார் (ஸல்) அவர்களே அச்சொல்லை ஆண்டிருக்கிறார்கள். விதியை நொந்துகொள்ளும் ‘லௌ’ வேறு. காரணத்தைத் தேடும் ‘லௌ’ வேறு.

இசுலாமிய வரலாற்றில் அதிகமாகப் பேசப்பட்ட ‘லௌ’க்களுள் ஒன்று மர்ஜ் தாபிக் போரைப் பற்றியது. 1516 ஆகஸ்ட் 24 அன்று (ஹிஜ்ரி 922) அலெப்போவுக்கு வடக்கேயுள்ள அச்சமவெளியில் உஸ்மானிய சுல்தான் முதலாம் ஸலீமின் படையை மம்லூக் சுல்தான் கான்ஸூஹ் அல்கூரீ எதிர்கொண்டார். முதிய சுல்தான் களத்திலேயே உயிர் துறந்தார். இரண்டரை நூற்றாண்டு நிலைத்திருந்த ஓர் அரசு அடுத்த ஆண்டிலேயே முடிவுற்றது. மம்லூக்கியரிடம் மட்டும் துப்பாக்கி இருந்திருந்தால்?

இக்கேள்வியை முதலில் உருக்கமாக எழுப்பியவர் இப்னு ஸுன்புல். மணற்குறி பார்ப்பதில் வல்லவர். எகிப்து வீழ்ந்து பல்லாண்டுகள் சென்றபின் அதன் கதையை எழுதியவர். சிறைப்பட்ட மம்லூக் தளபதி குர்த்பாய், ஸலீமின் முன்னிலையில் நின்று துப்பாக்கியைப் பழிக்கும் காட்சி அவருடைய நூலில் வருகிறது. ஒரு பெண்ணின் கையில் இருந்தாலும் ஆண்கள் பலரைத் தடுத்துவிடும் கருவி அது என்று அவர் இகழ்கிறார். மக்ரிப் நாட்டவர் ஒருவர் அதனை அல்கூரீயிடம் முன்னமே கொண்டுவந்து காட்டியதாகவும், கிறித்தவரின் வழிக்காக நபிவழியை விடமாட்டோம் என்று சுல்தான் மறுத்ததாகவும் கூறுகிறார். படித்தவர் எளிதில் மறக்கமுடியாத காட்சி. டேவிட் அயலோன் போன்ற ஆய்வாளர்களும் இதற்குப் பெருமதிப்பு அளித்தனர்.

ஆயினும் இதனை வரலாற்றுச் சான்று என்பதைவிடக் கற்பனை உரையாடல் என்பதே பொருந்தும். நபிவழி என்னும் வாதம் ஒன்றே அதற்குப் போதும். ஸல்மான் அல்பாரிஸீ (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி பாரசீகப் போர்முறையான அகழை மதீனாவைச் சுற்றித் தோண்டியவர்கள் நபிகளார் (ஸல்) அவர்கள். தாயிஃப் முற்றுகையில் கல்லெறி பொறி பயன்பட்டதை ஸீரா நூல்கள் சொல்கின்றன. பிறருடைய போர்க்கருவி என்பதற்காக ஒன்றைத் தள்ள வேண்டும் என்பது மார்க்கச் சட்டமன்று.

மேலும், மம்லூக்கியர் வெடிமருந்தை அறியாதவர்களும் அல்லர். சுல்தான் அல்அஷ்ரஃப் ஷஃபான் காலத்தில் (1363–1377) அலெக்சாந்திரியாவில் பீரங்கி கண்டதை அல்கல்கஷந்தீ பதிவுசெய்திருக்கிறார். அல்கூரீ கெய்ரோவில் பீரங்கிகள் வார்ப்பித்தார். சோதனையில் அவை வெடித்துச் சிதறிய அவலத்தை இப்னு இயாஸ் எழுதுகிறார். ‘புந்துக்’ என்னும் சொல்கூட அவர்களுக்குப் பழையதே. கொட்டை ஒன்றின் பெயராயிருந்து, வில்லில் வைத்து எறியும் களிமண் உருண்டைக்கு ஆகி, பின்னர் துப்பாக்கிக் குண்டைக் குறித்தது. மாபெரும் சுல்தான் பைபர்ஸுக்கும் ‘அல்புந்துக்தாரீ’ என்றே பெயர்.

இல்லாதது கருவியன்று, அதனை ஏந்த மனமுள்ள கைகளே. திரி கொளுத்திச் சுடும் அக்காலத் துப்பாக்கியைக் குதிரைமேலிருந்து கையாளுதல் அரிது. ஏந்துபவன் கீழே இறங்க வேண்டும். சிறுவயதில் விலைக்கு வாங்கப்பட்டு, குதிரையேற்றத்திலும் வில்லிலும் ஈட்டியிலும் ஆண்டுக்கணக்காகப் பயின்று, அப்பயிற்சியாலேயே ஆளும் உரிமை பெற்றவன் மம்லூக். அவனைக் காலாளாக நில் என்பது பதவியைத் துற என்பதற்கு ஒப்பாகும். ஆகவே துப்பாக்கி பிறர் கைக்குச் சென்றது. 1498-இல் இளம் சுல்தான் அந்நாஸிர் முஹம்மது கறுப்பின அடிமைகளைக் கொண்டு துப்பாக்கிப் படை அமைத்தபோது மம்லூக்கியர் கிளர்ந்தெழுந்து அதன் தலைவரைக் கொன்றனர், படை கலைந்தது. 1510 அளவில் அல்கூரீ அமைத்த ‘ஐந்தாம் பிரிவும்’ பொறாமைக்கு இரையாகிச் சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது.

இப்போது கற்பனை செய்து பார்ப்போம். ஐந்தாம் பிரிவு கலைக்கப்படவில்லை, வளர்ந்தது, மர்ஜ் தாபிக்கில் வண்டிகளின் மறைவில் சில ஆயிரம் துப்பாக்கி வீரர்கள் நிற்கிறார்கள். ஸலீம் பின்வாங்கியிருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே, குறைந்த ஊதியத்தில் விசுவாசமான காலாட்படையைப் பெற்ற சுல்தானுக்கு, விலையுயர்ந்த குதிரைவீரர்களும் அவர்களின் அமீர்களும் எதற்கு என்னும் கேள்வி கெய்ரோவில் எழுந்திருக்கும். இஸ்தான்புல்லில் யெனிசெரிகளைக் கொண்டு நிகழ்ந்ததும் ஏறத்தாழ அதுவே. அவ்வாறு வென்றிருக்கும் அரசு மம்லூக் அரசாக இருந்திராது. கலகம் செய்தவர்கள் அதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். அவர்களை மூடர் என்பது நமது அவசரம்.

அன்றைய தோல்விக்கேனும் துப்பாக்கிதான் காரணமா? கெய்ரோவில் வாழ்ந்த இப்னு இயாஸ் வேறு கதை சொல்கிறார். முதல் பாய்ச்சலில் மம்லூக் குதிரைகளே முந்தின. கொடிகளும் வண்டிப் பீரங்கிகளும் கைப்பற்றப்பட்டன. பின்னர், சுல்தான் தாம் வாங்கிய இளைய மம்லூக்கியரைக் காத்து மூத்தவர்களைச் சாகவிடுகிறார் என்ற பேச்சு பரவி அணி தளர்ந்தது. அலெப்போ ஆளுநர் கைர் பேக் தம் பிரிவோடு விலகினார். இரண்டாண்டுகளுக்கு முன், 1514 ஆகஸ்டில், இதே ஸலீம் இதே துப்பாக்கிகளால் ஷா இஸ்மாயீலைச் சால்திரானில் முறியடித்து தப்ரீஸில் நுழைந்தார். எனினும் ஸஃபவீ அரசு வீழவில்லை. படையினர் அங்குக் குளிர்காலத்தைக் கழிக்க மறுத்ததால் ஸலீம் திரும்ப நேர்ந்தது. சிரியாவிலோ கைர் பேக் இருந்தார். அவரே பின்னர் உஸ்மானியரின் எகிப்து ஆளுநருமானார்.

நம் மேடைகளில் ‘விஞ்ஞானத்தை விட்டோம், வீழ்ந்தோம்’ என்று சொல்வதற்கு மர்ஜ் தாபிக் அடிக்கடி அழைக்கப்படுகிறது. பாவம், அக்களம் அவ்வளவு சுமையைத் தாங்காது.

துப்பாக்கி ஏற்கப்பட்ட இடமும் ஒன்று இருந்தது, அது கடல். மிளகு வணிகத்தைப் போர்த்துக்கீசியர் மறித்தபோது, குஜராத்தும் கள்ளிக்கோட்டையும் வேண்ட, மம்லூக் கப்பற்படை பீரங்கிகளுடன் நம் மேற்குக் கடலுக்கு வந்தது. 1508-இல் சவுலில் வென்று, 1509-இல் டையூவில் தோற்றது. பின்னர் சூயஸில் புதிய கலங்களைக் கட்டுவதற்கு மரமும் தளவாடமும் அனுப்பி உதவியவர் ஸலீமின் தந்தை இரண்டாம் பாயஸீத். அமீர்களின் மதிப்பு குதிரைமேல் இருந்தது. கப்பலில் யார் சுட்டாலும் அவர்களுக்குக் கவலையில்லை. சுல்தான் தூமான் பாய் கெய்ரோவின் ஸுவைலா வாயிலில் தூக்கிலிடப்பட்ட 1517-ஆம் ஆண்டிலேயே, மம்லூக் சேவையிலிருந்த உஸ்மானியக் கடற்தளபதி ஸல்மான் ரயீஸ், ஜித்தா துறைமுகத்தில் பீரங்கிகளை நிறுத்திப் போர்த்துக்கீசியப் பெரும்படையைத் திருப்பி அனுப்பினார்.