மனநோய் மருந்தும் பக்க விளைவும்: வரலாறு கற்றுத் தரும் நிதானம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மஹல்லாக்களில், வீட்டில் ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அவ்வீட்டார் முதலில் அஞ்சுவது நோயைக் கண்டன்று, மருந்தைக் கண்டே. "தூங்கிக்கொண்டே இருப்பானாமே", "உடம்பு பெருத்துவிடுமாமே", "ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதாமே" என்ற கேள்விகள் மருத்துவரிடம் போவதற்கு முன்பே பள்ளிவாசலுக்கு வந்து சேர்கின்றன. இவை அறியாமையால் எழும் கேள்விகள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மருந்தைத் தொடங்கும் முன் அதன் தீங்கை எடைபோடுவது அறிவுடையோர் செயல்தான். ஆனால் அந்த எடையை எப்படிப் போடுவது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். இதில் நமக்கு வழிகாட்ட நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது.

நம் அறிஞர்கள் வகுத்த வரையறை

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை அனுமதித்ததோடு, முதுமையைத் தவிர ஏனைய நோய்களுக்கெல்லாம் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்றும் அறிவித்தார்கள். இந்த நபிமொழி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இடம்பெற்றுள்ளது. உடல் நோய்க்கு மட்டும் என்று இதில் வரம்பு ஏதும் இல்லை. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற நபிமொழியும் உண்டு. ஆகவே மருந்தைத் தேடுவதும், அதைத் தருபவர் தகுதியானவரா என்று பார்ப்பதும் மார்க்கத்திற்கு உட்பட்டவையே.

ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதினார். அச்சம், கோபம், துயரம் முதலியவற்றை அவர் பழிக்கு உரியவையாகப் பார்க்கவில்லை. நலம்பெறச் செய்ய வேண்டியவையாகப் பார்த்தார். 1284இல் கெய்ரோவில் மன்னர் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனம் நோயுற்றோருக்கென்று தனி இடம் இருந்தது.

நம் பேசுபொருளுக்கு மிக நெருக்கமானவர் டமாஸ்கஸ் நகரின் இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்). 1350இல் மறைந்த அவர், 'ஸாதுல் மஆத்' நூலின் நபிவழி மருத்துவப் பகுதியில், தேர்ந்த மருத்துவர் கவனிக்க வேண்டிய இருபது விஷயங்களைப் பட்டியலிடுகிறார். நோயின் வகை, காரணம், நோயாளியின் வலிமை, வயது, பழக்கம், பருவகாலம், அவர் வாழும் ஊர், மருந்தின் வீரியம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறார். நோயை நீக்குவது மட்டுமே மருத்துவரின் குறிக்கோளாக இருக்கக் கூடாது என்றும், அதைவிடக் கடினமான இன்னொன்று உண்டாகாத வகையில் நீக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கிறார். எளிய மருந்தில் தொடங்குமாறும் கூறுகிறார். இன்று 'பக்க விளைவு' என்று நாம் சொல்லும் அச்சத்தை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆலிம் மருத்துவரின் கடமைகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார். மருந்தையே விட்டுவிடுமாறு அவர் சொல்லவில்லை என்பதும் நம் கவனத்திற்கு உரியது.

ஒரு வேரின் கதை

"ஆங்கில மாத்திரைக்குத்தான் பக்க விளைவு; மூலிகைக்கு இல்லை" என்பது நம்மிடையே பரவலான எண்ணம். இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க நம் நாட்டு மூலிகை ஒன்றே போதும்.

சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர், இந்திய நாட்டு மருத்துவத்தில் சித்தப் பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலம் பயன்பட்டது. வட நாட்டில் அதற்குப் 'பைத்தியத்தின் மூலிகை' என்ற பொருளில் 'பாகல் பூட்டி' என்றே பெயர். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தராக இருந்த ஹகீம் அஜ்மல் கான், டில்லியில் தாம் உருவாக்கிய திப்பியாக் கல்லூரியில் யூனானி மருந்துகளை இரசாயன முறையில் ஆராய வேண்டும் என்று விரும்பினார். அப்பணிக்கு இளம் அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கீ அமர்த்தப்பட்டார். 1927இல் ஹகீம் மறைந்த பிறகும் ஆய்வு தொடர்ந்தது. 1931இல் சித்தீக்கீ அந்த வேரிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, ஹகீமின் நினைவாக அதற்கு 'அஜ்மலீன்' என்று பெயரிட்டார். அதே 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர், இவ்வேர் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் பயன்படுகிறது என்று கட்டுரை வெளியிட்டனர்.

1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அதே வேரிலிருந்து 'ரெசர்பின்' என்ற பொருளைப் பிரித்தனர். 1954இல் நியூயார்க் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் நேதன் கிளைன் அதை நோயாளிகளிடம் பயன்படுத்தி, கொந்தளிப்பு அடங்குவதைப் பதிவு செய்தார். நம் நாட்டு வேர் உலகின் தொடக்ககால மனநோய் மருந்துகளுள் ஒன்றாயிற்று.

தீங்குகளும் உடன் வந்தன. இரத்த அழுத்தம் தாழ்ந்தது. மூக்கடைப்பும் அசதியும் ஏற்பட்டன. சிலருக்குக் கை நடுங்கியது, உடல் விறைத்தது. உயர் இரத்த அழுத்தத்திற்காக அதை உட்கொண்ட சிலர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானதாகவும் மருத்துவர்கள் எழுதினர். பிற்கால ஆய்வுகள் இதை அவ்வளவு உறுதியாக ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. உடலில் வேலை செய்யும் வேர், வேண்டாத வேலையையும் செய்யக்கூடும். மருந்து மண்ணில் விளைந்ததா ஆலையில் விளைந்ததா என்பதைப் பொறுத்து இது மாறுவதில்லை. வேருக்கும் மாத்திரைக்கும் நாம் ஒரே எடைக்கல்லையே பயன்படுத்த வேண்டும்.

அனுபவம் கற்பித்த பாடங்கள்

1952இல் பாரிஸின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டெலே, பியேர் டெனிக்கர் ஆகிய இருவரும் குளோர்புரோமசீன் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பலர் வீடு திரும்ப அது வழி செய்தது. ஆனால் தூக்கம், நாவறட்சி, கைநடுக்கம், வெயில் பட்டால் தோல் சிவத்தல் ஆகியவையும் வந்தன. இவ்வகை மருந்துகளை நெடுங்காலம் உண்ட சிலருக்கு வாயும் நாக்கும் தம்மையறியாமல் அசையும் கோளாறு தோன்றியது. தொடக்கத்தில் தெரியாத தீங்கு ஆண்டுகள் கழித்தும் தெரியவரலாம் என்று மருத்துவ உலகம் அப்போது கற்றுக்கொண்டது.

லித்தியத்தின் வரலாறு அளவைப் பற்றியது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனம் மிகையாகக் கிளர்ந்தெழும் நோய்க்கு அது பயன்படுவதைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில், சமையல் உப்புக்கு மாற்றாக விற்கப்பட்ட லித்தியம் குளோரைடை அளவின்றிப் பயன்படுத்திய சிலர் உயிரிழந்தனர். ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் நஞ்சு. இரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்கும் முறை வந்த பின்னரே அது நம்பத்தக்க மருந்தாக நிலைபெற்றது.

குளோசபின் மருந்தின் வரலாறு இன்னும் தெளிவானது. 1975இல் பின்லாந்தில் அதை உட்கொண்ட சிலர் வெள்ளணுக்கள் குறைந்து இறந்ததால், பல நாடுகளில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் வேறெந்த மருந்துக்கும் அசையாத மனச்சிதைவு நோயாளிகளுக்கு அது பலன் தருவதை 1988இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன்பின், குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையுடன் அது மீண்டும் வந்தது. தீங்கு உண்டு என்பதால் மருந்தை முற்றிலும் தள்ளிவிடவுமில்லை. பலன் உண்டு என்பதால் தீங்கை மறைக்கவுமில்லை. காவல் வைத்துப் பயன்படுத்தினார்கள். இப்னுல் கய்யிம் (ரஹ்) எழுதிய நிபந்தனைக்கு இது நல்ல உதாரணமாகும்.

மற்றொரு தட்டு

தராசுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. மருந்தின் தீங்கை ஒரு தட்டில் வைக்கும் நாம், மருந்தில்லாத நோயின் தீங்கை மற்றொரு தட்டில் வைக்கப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதன் எடை என்னவென்று தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு ஏர்வாடி காட்டியது.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றித் தனியார் பலர் மனநோயாளிகளுக்கான காப்பகங்களை நடத்தி வந்தனர். பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பத்தினர் நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டுச் சென்றனர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன.

அந்த 28 பேரின் பெற்றோரையோ, துஆவின் மீது அவர்கள் வைத்த நம்பிக்கையையோ நாம் பழிக்கவில்லை. வறுமை, தொலைவு, ஊராரின் ஏச்சு எனப் பல காரணங்கள் அவர்களை அங்கே கொண்டுசேர்த்திருக்கும். ஆனால் சங்கிலிக்கும் பக்க விளைவு உண்டு. கணுக்கால் புண்ணும், வீணாகும் வாலிபமும், கலைந்துபோகும் திருமணமும், தற்கொலை எண்ணமும் சிகிச்சையற்ற நோயின் விளைவுகளே. அவை மாத்திரை அட்டையில் அச்சிடப்படுவதில்லை என்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. பிற்காலத்தில் ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே அரசு 'தவா–துஆ' திட்டத்தைக் கொண்டுவந்தது. துஆ செய்ய வருவோர் அங்கேயே மனநல மருத்துவரையும் காண முடிந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நாம் அனைவரும் உணர வேண்டும்.

தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. தரப்போகும் சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்க விளைவுகளையும் தமக்குப் புரியும் மொழியில் அறிந்துகொள்வதை நோயாளியின் உரிமையாக்கியும் இருக்கிறது. ஆகவே மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவன்று. கேட்காமல் வாங்கிவந்து, பயந்துபோய் மாத்திரையை வீசிவிடுவதே இழப்பு.

ஊரையும் பழக்கத்தையும் பார்க்கச் சொன்னாரே இமாம், அதை நம் பகுதிக்குப் பொருத்திப் பார்ப்போம். நாமக்கல், சங்ககிரி பகுதிகளில் லாரி ஓட்டுபவரும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்பவரும், சேலத்தில் இரவு ஷிப்டில் தறி ஓட்டுபவரும் தங்கள் தொழிலை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். தூக்கம் தரும் மருந்தை எந்த நேரத்தில் உண்பது, எத்தனை நாள் வண்டி ஓட்டக் கூடாது என்பது அவருக்கும் சாலையில் செல்லும் பிறருக்கும் உயிர்ப் பிரச்சினை. லித்தியம் உண்பவர் சித்திரை வெயிலில் வியர்த்து உடலின் நீரை இழந்தால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். ரமளான் நோன்புக்கும் இது பொருந்தும். மருந்து வேளையை மாற்ற முடியுமா, நோன்பு நோற்கவே கூடாதா என்பதை ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவாகாது.

குடும்பத்தில் சர்க்கரை நோய் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். சில மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டும். கருவுறும் வயதுப் பெண்கள் இதைத் தவறாமல் பேச வேண்டும். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும். தாம்பத்திய உறவில் ஏற்படும் குறையைப் பற்றி வெட்கத்தால் வாய் திறக்காமல், இரகசியமாக மருந்தை நிறுத்துவோர் பலர். மார்க்கச் சட்டத்தைக் கற்பதில் வெட்கம் இல்லாதது போலவே இதிலும் வெட்கம் வேண்டியதில்லை. ஜெலட்டின் உறை குறித்து ஐயம் உள்ளோர், அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேட்கலாம்.

இன்னும் மூன்று கேள்விகள் உண்டு. பலன் எத்தனை வாரத்தில் தெரியும்? மனச்சோர்வு மருந்துகள் பலவற்றில் தொல்லை முதல் வாரத்திலேயே வரும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதை அறியாதவர் பத்தாம் நாளில் நிறுத்திவிடுவார். எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்? கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, தற்கொலை எண்ணம் ஆகியவை காத்திருக்கக் கூடாதவை. எப்போது, எப்படி நிறுத்துவது? திடீரென நிறுத்தினால் சிலருக்கு நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

இக்கேள்விகளுடன் செல்வதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற இலவச எண்ணில் அரசின் மனநல ஆலோசனையைத் தமிழிலேயே பெறலாம்.

பள்ளிவாசலுக்கு ஓதிப் பார்க்க வருவோரை நம் இமாம்கள் அன்போடு வரவேற்று, துஆ செய்து, "மருந்தை நிறுத்திவிடாதீர்கள், சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்" என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்வார்களானால், பல குடும்பங்கள் தடுமாற்றத்திலிருந்து மீளும். நோயைப் படைத்து நிவாரணத்தையும் படைத்த வல்ல ரஹ்மான், நம் வீடுகளில் உள்ளம் நோயுற்றிருக்கும் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் தெளிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.