நாற்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் படி ஏறாத குடும்பம் நம் கிராமங்களில் குறைவு. தடுப்பூசிக்கோ, பிரசவத்துக்கோ, நாய்க்கடிக்கோ போயிருப்போம். அது எந்தக் கணக்கில் பிறந்தது என்பதைச் சொல்கிறேன்.

1943 அக்டோபர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டிஷ் இந்திய அரசு மக்கள் நலவாழ்வை ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் பெயரும் போர்தான்: சர் ஜோசப் போர். நம் ஆற்காட்டு லட்சுமணசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் அந்தக் கணக்கில் நாம் வரவில்லை.

1946-ல் அறிக்கை வந்தது. பிறக்கும் 1000 குழந்தைகளில் 162 முதல் ஆண்டிலேயே இறந்தன. சராசரி ஆயுள் 27 ஆண்டுகூட இல்லை. சுமார் 6300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு செவிலியர். அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில்.

இதைப் பார்த்துத்தான் முதற்கட்டமாக 40,000 பேருக்கு ஒரு நிலையம், அதில் 2 மருத்துவர்கள், 4 பொதுச்சுகாதாரச் செவிலியர்கள், 4 மருத்துவச்சிகள் என்று திட்டம் போட்டார்கள். கூடவே ஊருக்கு ஊர் 5 முதல் 7 பேர் கொண்ட சுகாதாரக் குழு வேண்டும் என்றும் எழுதினார்கள். ஊரின் குறையை ஊரார்தானே அறிவார்கள்!

1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு நிலையங்கள் வரத் தொடங்கின. ஆனால் வட்டாரத்துக்கு ஒன்று என்று வைத்ததால், ஒரு நிலையத்தின் தலையில் ஏறத்தாழ லட்சம் பேர் விழுந்தார்கள். 1959-ல் அமைந்த அடுத்த குழுவுக்கு முதலியாரே தலைவர். புதிதாகத் திறப்பதற்கு முன் இருப்பதைப் பலப்படுத்துங்கள் என்றது அக்குழு.

கட்டடம் வந்தது, ஊர்க் குழு பின்தங்கிவிட்டது. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோதுதான் கிராம சுகாதாரக் குழு நாடு முழுவதும் திட்டமாயிற்று. கிட்டத்தட்ட 60 ஆண்டு தாமதம்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு இரண்டு சொற்கள் சொல்லித்தந்தார்கள். 'ரெசான்ஸ்மான்' என்றால் தலைக்கணக்கு. 'பெஸ்வேன்' என்றால் தேவை. முன்னதை எடுத்துவிட்டால் பின்னது தெரிந்துவிட்டதாக அரசாங்கங்கள் நினைத்துக்கொள்கின்றன. குமாஸ்தாவாக நான் கூட்டிப் போட்ட மாதாந்திர அறிக்கைகளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதக் கட்டம் இருந்தது. வராதவர் எத்தனை பேர், ஏன் வரவில்லை என்பதற்குக் கட்டமே கிடையாது. படுத்த படுக்கையாய் இருக்கும் கிழவியும், பஸ் வராத ஊர்க் கர்ப்பிணியும் அந்த இல்லாத கட்டத்தில்தான் இருந்தார்கள்.

ஆகவே, சுகாதாரப் பணியாளர் கணக்கெடுக்க வாசலுக்கு வந்தால், 'எல்லாம் சௌக்கியம்' என்று அனுப்பிவிடாதீர்கள். உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு, எழுந்து வரமுடியாத பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லுங்கள். எழுதினால்தான் கணக்கு, கணக்கு இருந்தால்தான் மருந்து வரும்.