கூறியது கூறல்

2022-ஆம் வருடம் நான் ஒரு டெஸ்ட் ஃபைலை 1,100 வரிகளிலிருந்து 340 வரிகளாகக் குறைத்தேன். அலுவலகத்தில் நல்ல பாராட்டு. எட்டு மாதம் கழித்து, அன்றைக்கு நான் தூக்கிப்போட்ட பதினோரு வரிகள் இல்லாததால், பணம் ஒழுங்காகக் கட்டிய சிலருடைய இன்ஷூரன்ஸ் பாலிசி காலாவதியானது. அந்தப் பதினோரு வரிகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஆனால் கதை 1949-லேயே தொடங்கிவிடுகிறது.

சாஃப்ட்வேர் வேலை பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டெஸ்ட் என்பது ஒரு புரோகிராமைச் சோதிக்கிற இன்னொரு குட்டிப் புரோகிராம். இந்த வயது, இந்தத் தொகை கொடுத்தால் ப்ரீமியம் இவ்வளவு வரவேண்டும் என்று எழுதி வைப்போம். நாளைக்கு யாராவது கோடை மாற்றி அந்தக் கணக்கு தப்பினால், டெஸ்ட் சிவப்பாகிவிடும். அவ்வளவுதான். பெரிய புரோகிராம்களுக்கு இப்படி ஆயிரக்கணக்கில் டெஸ்ட்கள் இருக்கும். அவற்றில் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கும்.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா நன்னூலின் பத்துக் குற்றங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். ‘மிகைபடக் கூறல்’ ஒரு குற்றம், ‘கூறியது கூறல்’ இன்னொரு குற்றம். மார்க்குக்காகப் படித்தேன். வேலைக்கு வந்த பிறகு பார்த்தால், இந்த இரண்டையும் தேடிப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

*

1949 மே மாதம் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. அதில் வேலை செய்தவர்களுக்குச் சீக்கிரமே ஒரு விஷயம் புரிந்தது: ஒரே கணக்கை ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டேவிட் வீலர் என்ற இளைஞர், ஒருமுறை எழுதிய துண்டை எந்தப் புரோகிராமிலிருந்தும் அழைத்துப் பயன்படுத்திவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்ப ஒரு வழி கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட துண்டுகளைக் காகித நாடாவில் துளையிட்டு ஒரு நூலகமாகவே சேர்த்தார்கள். 1951-இல் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் அதைப் புத்தகமாக எழுதினார்கள். இன்று நாம் ‘ஃபங்ஷன்’ என்று சாதாரணமாகச் சொல்வதன் முன்னோடி அது. கூறியது கூறலுக்கு எதிரான போர் இந்தத் தொழிலின் முதல் சில வருடங்களிலேயே தொடங்கிவிட்டது.

அதே 1949-இல் மாரிஸ் வில்க்ஸுக்கு இன்னொரு ஞானமும் வந்தது. படிக்கட்டில் ஒருநாள் நின்றபோது, இனித் தன் வாழ்நாளில் பெரும்பகுதி தன் தப்புகளைத் தானே தேடுவதில்தான் போகும் என்று உறைத்ததாகப் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். திரும்பச் சொல்லாதே என்பது ஒன்று, தப்பு இருக்கும் தேடு என்பது ஒன்று. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

மோதல் வந்தது தொண்ணூறுகளில். 1994-இல் கென்ட் பெக், ஸ்மால்டாக் மொழியில் டெஸ்ட் எழுத ஒரு எளிய முறையை வெளியிட்டார். 1997-இல் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போகும் விமானத்தில், அவரும் எரிக் காமாவும் உட்கார்ந்து அதை ஜாவாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் ஜேயூனிட். அதற்குப் பிறகு உலகம் முழுக்க டெஸ்ட் எழுதுவது பழக்கமானது. கூடவே ஒரு நோயும் வந்தது. புது டெஸ்ட் எழுத ஆக எளிய வழி, பழைய டெஸ்டை காப்பி செய்து இரண்டு எண்களை மாற்றுவதுதான். எல்லாரும் அதையே செய்தோம். நானும்தான்.

1999-இல் இரண்டு புத்தகங்கள் வந்தன. மார்ட்டின் ஃபௌலரின் ‘ரீஃபேக்டரிங்’ கோடின் குறைகளை ‘நாற்றங்கள்’ என்று வகைப்படுத்தியது. அந்தச் சமயம் பெக் வீட்டில் கைக்குழந்தை இருந்ததுதான் அந்த உவமைக்குக் காரணமாம். நாற்றங்களில் முதல் இடம் இரட்டிப்புக்கு. ஆண்டி ஹன்ட்டும் டேவ் தாமஸும் எழுதிய ‘தி பிராக்மாட்டிக் புரோகிராமர்’, உன்னையே திரும்பச் சொல்லாதே என்ற விதிக்கு ‘டிரை’ என்று பெயர் வைத்தது. என் தலைமுறைக்கு அது கிட்டத்தட்ட வேதவாக்கு.

2001-இல் ஆரி வான் டெர்சனும் ஆம்ஸ்டர்டாம் நண்பர்களும் டெஸ்ட் கோடுக்கென்றே பதினோரு நாற்றங்களைப் பட்டியலிட்டார்கள். அதில் இரட்டிப்பு உண்டு. ஆனால் நேர் எதிரானதும் உண்டு: ‘மர்ம விருந்தாளி’. டெஸ்டுக்குத் தேவையான தகவல் டெஸ்டில் இல்லாமல், வெளியே ஏதோ ஃபைலில் ஒளிந்திருப்பது. அதாவது குறைத்துச் சொல்வதும் நாறும் என்று அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. 2007-இல் ஜெரார்ட் மெசாரோஸ் 800 பக்கங்களுக்கு மேல் டெஸ்ட் கோடைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார். நான் இரட்டிப்பு பற்றிய பக்கங்களை மட்டும் படித்தேன்.

*

என் 1,100 வரிக்கு வருகிறேன். அதில் நாற்பது டெஸ்ட்கள். ஒவ்வொன்றிலும் முதலில் வாடிக்கையாளரை உருவாக்க வேண்டும், பெயர், முகவரி, பேன் எண், நாமினி எல்லாம் கொடுக்க வேண்டும். சோதிப்பது வெறும் தேதியைத்தான். நாமினிக்கும் தேதிக்கும் சம்பந்தமே இல்லை. இது சுத்தமான மிகைபடக் கூறல்.

இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. நாட் பிரைஸ் 2007 வாக்கில் பிரபலப்படுத்திய ‘பில்டர்’ முறைப்படி, சம்பந்தமில்லாத விவரங்களுக்குப் பொதுவான மதிப்பு வைத்துவிட்டு, முக்கியமானதை மட்டும் டெஸ்டில் சொல்லலாம். ஒரே விதியை வேறு வேறு எண்களால் சோதிக்கிற டெஸ்ட்களை ஒரே டெஸ்டாக்கி, எண்களை அட்டவணையாகக் கொடுக்கலாம். 2006-இல் வந்த ஜேயூனிட் 4-லேயே அதற்கு வசதி உண்டு. இரட்டிப்பைக் கண்டுபிடிக்கவும் கருவி உண்டு. பெல் லேப்ஸில் பிரெண்டா பேக்கர் தொண்ணூறுகளிலேயே, பெயர்களை மட்டும் மாற்றிக் காப்பி அடித்த கோடையும் பிடிக்கிற முறையை எழுதிவிட்டார். இதையெல்லாம் செய்தேன். இதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

வருத்தம் அடுத்த படியில். இரண்டு டெஸ்ட்கள் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றில் பாலிசி எடுத்த தேதி 2020 பிப்ரவரி 28, மற்றதில் பிப்ரவரி 29. இரண்டிலும் அடுத்த வருடப் புதுப்பிப்பு பிப்ரவரி 28 என்று வரவேண்டும். கவரேஜ் கருவியில் பார்த்தேன். கவரேஜ் என்றால் ஒரு டெஸ்ட் கோடின் எந்தெந்த வரிகளைத் தொடுகிறது என்ற கணக்கு. இரண்டும் அதே வரிகளைத்தான் தொட்டன. ஏனென்றால் தேதிக்கு ஒரு வருடம் கூட்டுவதை ஜாவாவின் ரெடிமேட் ஃபங்ஷனே ஒரு வரியில் செய்துவிடும். அப்புறம் எதற்கு இரண்டு? 29-ஐ அழித்தேன்.

இந்தத் தப்பு எனக்கு முன்னாலேயே ஆராயப்பட்டது என்று பிறகுதான் தெரிந்தது. ஹாரல்ட், குப்தா, சோஃபா மூவரும் 1993-இல், அதே தேவைகளை நிறைவேற்றுகிற சின்ன டெஸ்ட் தொகுப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு முறையைச் சொன்னார்கள். 1995-இல் வோங் குழுவினர், இப்படிக் குறைத்தாலும் தப்பைப் பிடிக்கும் திறன் பெரிதாகக் குறையவில்லை என்றார்கள். 1998-இல் ராதர்மெல் குழு சோதித்துப் பார்த்து, இல்லை, மோசமாகவே குறையலாம் என்றது. கவரேஜ் சொல்வது டெஸ்ட் எங்கே போனது என்பதை மட்டும்தான். போய் என்ன கேட்டது என்று அதற்குத் தெரியாது.

*

அதன் பிறகு எங்கள் டீமில் ஒருவர் வேறு காரணத்துக்காக அந்தத் தேதிக் கணக்கை மாற்றி எழுதினார். புதுக் கோடு பிப்ரவரி 29-ஐ அடுத்த வருடம் மார்ச் 1-க்குத் தள்ளியது. எல்லா டெஸ்டும் பச்சை. ஆனால் பணம் வசூலிக்கிற இன்னொரு புரோகிராம் பிப்ரவரி 28-ஐயே எதிர்பார்த்தது. இரண்டும் பொருந்தாததால், 2023 மார்ச்சில் பணம் கட்டியவர்களுக்கே ‘உங்கள் பாலிசி காலாவதியானது’ என்று எஸ்எம்எஸ் போனது. ஒருவர் ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் நின்றுகொண்டு கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டார். அந்த அழைப்பின் பதிவை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் கத்தவில்லை. “பணம் கட்டிட்டேன் மேடம், ரசீது இருக்கு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

எல்லாருக்கும் ஒரே வாரத்தில் சரி செய்துவிட்டோம். ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த டெஸ்டை முதலில் எழுதிய அண்ணன் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். கூப்பிட்டுச் சொன்னேன்.

“அத ஏன்டா எடுத்த?”

“28-உம் 29-உம் ஒரே மாதிரி இருந்துச்சுண்ணா.”

“2017-ல இதே பிரச்சினை வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அந்த டெஸ்டப் போட்டேன். பேர்ல எழுதியிருக்கணும். என் தப்பும்தான்.”

அந்த டெஸ்டின் பெயர் ‘புதுப்பிப்புத் தேதி 2’. பக்கத்தில் இருந்ததன் பெயர் ‘புதுப்பிப்புத் தேதி 1’.

*

தொழிலும் இதே பாடத்தை மெதுவாகத்தான் கற்றிருக்கிறது. 2014-இல் சாண்டி மெட்ஸ் ஒரு மேடையில், தப்பான பொதுமையாக்கலைவிட இரட்டிப்பு எவ்வளவோ மலிவு என்றார். 2019-இல் கூகுளின் டெஸ்டிங் குழு, டெஸ்ட்கள் ரொம்ப உலர்ந்துவிட வேண்டாம், கொஞ்சம் ஈரமாக, ‘டேம்ப்’பாக இருக்கட்டும் என்று எழுதியது: வாசிப்பவருக்குப் புரிய உதவுமென்றால் திரும்பச் சொல்லலாம். டெஸ்டுக்கு டெஸ்ட் கிடையாது, கண்ணால் படித்துத்தான் சரிபார்க்க முடியும் என்பதே காரணம். அதே 2019-இல் ஹன்ட்டும் தாமஸும் தங்கள் புத்தகத்தின் புதிய பதிப்பில், டிரை என்பது வரிகளைப் பற்றியதல்ல, அறிவைப் பற்றியது என்று விளக்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் ஒரே வரி இருக்கலாம், ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்லலாம். 28-உம் 29-உம் அப்படித்தான்.

டெஸ்டின் தரத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கோடில் வேண்டுமென்றே சின்னத் தப்புகளைப் புகுத்தி, டெஸ்ட் பிடிக்கிறதா என்று பார்ப்பது. டிமில்லோ, லிப்டன், சேவர்ட் 1978-லேயே இதை எழுதினார்கள். இப்போது எதையும் அழிக்கும் முன் அதை ஓட்டுகிறேன், அழித்த பின்னும் ஓட்டுகிறேன். ஆனால் என் தப்பை அது தடுத்திருக்காது. கூட்டலைக் கழித்தலாக மாற்றத் தெரிந்த கருவிக்கு லீப் வருடம் தெரியாது. 2017 நினைவிருந்தவர்தான் சொல்லியிருக்க முடியும். நான் அவரிடம் கேட்கவில்லை.

அதனால் என் வழக்கம் இப்போது இதுதான். எப்படி உருவாக்குகிறோம் என்பது திரும்ப வந்தால் சுருக்குகிறேன். எதைச் சொல்கிறோம் என்பது திரும்ப வருவதுபோல் தெரிந்தால், முதலில் அது எப்போது, எதற்காக வந்தது என்று பழைய பதிவுகளில் தேடுகிறேன். எழுதியவர் கிடைத்தால் கேட்கிறேன். காரணம் கிடைத்தால் அதையே பெயராக வைக்கிறேன்.

அந்தப் பதினோரு வரியைத் திரும்பப் போட்டேன். பில்டர் புண்ணியத்தில் இப்போது அது நாலே வரி. பெயர் மட்டும் நீளம்: ‘பிப்ரவரி 29-இல் எடுத்த பாலிசி, லீப் இல்லாத வருடத்தில் 28-ஆம் தேதியே புதுப்பிக்கப்பட வேண்டும், 2017-லும் 2023-லும் தப்பியது’. கோடு ரிவ்யூவில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி கேட்டாள், “பேர் இவ்ளோ பெருசா வேணுமாண்ணா?”

நன்னூலின் பட்டியலில் ‘குன்றக் கூறல்’ என்றும் ஒரு குற்றம் இருக்கிறது. அதை அவளுக்குச் சொல்லவில்லை. “இருக்கட்டும்மா” என்றேன்.