குளிரின்மேல் சுமத்தப்பட்ட பழி: வின்னிபெக் நகர மையத்தின் கதை

கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகரான வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 16 டிகிரி செல்சியஸ். அந்நகரின் மையக் கடைவீதி ஏன் பொலிவிழந்தது என்று கேட்டால், பலரும் இந்தக் குளிரையே காரணம் காட்டுவர். நகரத்தின் வரலாறு அவ்விடைக்கு இடங்கொடுப்பதில்லை.

போர்ட்டேஜ், மெயின் என்னும் இரு பெருந்தெருக்கள் கூடும் முனை, ஒருகாலத்தில் விலங்குத்தோல் வணிகர்களின் மாட்டுவண்டித் தடங்கள் சந்தித்த இடம். 1862இல் ஹென்றி மெக்கென்னி அங்கே ஒரு கடையைக் கட்டினார். அதைச் சுற்றியே நகரம் வளர்ந்தது. 1901இல் சுமார் 42,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1911இல் 1,36,000ஐத் தொட்டது. 1905இல் போர்ட்டேஜ் தெருவில் ஈட்டன்ஸ் பேரங்காடி திறக்கப்பட்டது. டிராமில் வந்திறங்கிய மக்கள் பனிக்காலத்திலும் அத்தெருவில் நடந்தனர். அன்றைய குளிர் இன்றையதைவிடக் குறைந்ததன்று.

மாறியவை வேறு. 1955இல் டிராம் நிறுத்தப்பட்டது. 1959இல் மையத்துக்கு மேற்கே போலோ பார்க் வணிக வளாகம் எழுந்தது. தொடக்கத்தில் அதன் நடைவழிகளுக்குக் கூரைகூட இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்தே மூடப்பட்டது. மக்களை முதலில் ஈர்த்தது வெதுவெதுப்பன்று, பரந்த வாகன நிறுத்துமிடமே.

இதற்கு நகராட்சி தேடிய மாற்று, நோயைவிடக் கொடியதாயிற்று. 1976இல் கட்டுமான நிறுவனம் ஒன்றுடன் செய்த ஒப்பந்தப்படி, 1979இல் போர்ட்டேஜ்–மெயின் முனையில் கான்கிரீட் தடுப்புகள் எழுந்தன. தெருவைக் கடக்க விரும்பியவர் நிலத்தடி வணிகப் பாதைக்குள் இறங்கியாக வேண்டியதாயிற்று. வாகனங்கள் தடையின்றி ஓடின; தரைமட்டக் கடைகள் வழிப்போக்கரை இழந்தன. 1987இல் திறக்கப்பட்ட போர்ட்டேஜ் பிளேஸ் வளாகமும் அதே வழியில் சென்றது. பேரங்காடிகளோடு மேல்தள நடைபாலங்களால் இணைந்த அது, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றது. நாடு முழுவதும் நொடித்துப்போன ஈட்டன்ஸ் 1999இல் மூடப்பட்டபோது, அந்தப் பாலங்களின் ஒருமுனை வெறுமையாயிற்று.

2018இல் தடுப்புகளை அகற்றலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். 1972இல் புறநகர்கள் அனைத்தும் ஒரே நகராட்சியாக இணைக்கப்பட்டிருந்தன. ஆகவே அம்முனையை நடந்து கடப்போரைவிடக் காரில் கடப்போரின் குரலே ஓங்கியது. வாக்குப்பெட்டியில் மோதியவை குளிரும் கோடையும் அல்ல. நகர மையம் யாருக்குரியது என்பதைப் பற்றிய இரு பார்வைகள்.

இறுதியில் தடுப்புகளைத் தகர்த்தது கொள்கை மாற்றமன்று, நீர்க்கசிவு. நிலத்தடிப் பாதையின் மேலுள்ள நீர்த்தடுப்புப் படலத்தைச் சீரமைக்க 7 கோடி டாலருக்குமேல் செலவாகும் என்று மதிப்பிடப்பட்டது. 2024இல் நகர்மன்றம் மனம் மாறியது. 2025 ஜூனில் மக்கள் மீண்டும் அம்முனையைத் தரையிலேயே கடந்தனர்.

திறந்த முனை மட்டும் தெருவை மீட்டுவிடாது. 2020இல் மூடப்பட்ட ஹட்சன்ஸ் பே பேரங்காடிக் கட்டடம், 2022இல் தெற்கு மனிடோபாப் பூர்வகுடித் தலைவர்களின் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே ஏறத்தாழ 300 குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. வணிகத்தை மீட்க எடுத்த முயற்சிகளில் பெரும்பாலானவை மக்களை வரவழைக்கவே முயன்றன. இத்திட்டம் அவர்களைக் குடியமர்த்த முனைகிறது. அங்கேயே குடியிருப்பவர் ஜனவரியிலும் பால் வாங்கத் தெருவில் இறங்கித்தான் ஆகவேண்டும்.